பகிர்ந்த இறைமை: அயர்லாந்தும் ஐரோப்பியச் சட்டமும்

ஒரு நாடு சுதந்திர நாடு என்பதற்கு அடையாளம் யாது என வினவின், அரசியல் நூலார் இரண்டு இலக்கணங்களை எடுத்துக் கூறுவர். அந்நாட்டுக்குரிய சட்டங்களை அந்நாட்டுச் சட்டமன்றமே ஆக்குதல் ஒன்று. அந்நாட்டில் எழும் வழக்குகளுக்கு அந்நாட்டு நீதிமன்றமே இறுதித் தீர்ப்பு வழங்குதல் மற்றொன்று. இவற்றை உரைகல்லாகக் கொண்டு அயர்லாந்தின் வரலாற்றை நோக்குவோர்க்குப் புதிர் ஒன்று எதிர்ப்படும். 1933 ஆம் ஆண்டில் அந்நாடு, இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் என்னும் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழக்கத்தை ஒழித்தது. இலங்கையும் 1971 ஆம் ஆண்டில் இதனையே செய்தது. அந்நியர் மன்றில் நீதி கேட்டு நிற்றல் சுதந்திர மக்களுக்கு ஒவ்வாது என்பதே இரு நாடுகளிலும் கூறப்பட்ட நியாயமாகும். ஆயின், நாற்பது ஆண்டுகள் நிறையுமுன், 1972 ஆம் ஆண்டு மே மாதம் 10 ஆம் நாள் நிகழ்ந்த சர்வசன வாக்கெடுப்பில் அதே ஐரிஷ் மக்கள், நாட்டுக்கு வெளியே ஆக்கப்படும் சட்டங்கள் தம்மை ஆளவும், லக்சம்பேர்க் நகரிலுள்ள நீதிமன்றம் அச்சட்டங்களுக்குப் பொருள் கூறவும் இசைந்தனர். வாக்களித்தோருள் நூற்றுக்கு 83 பேர் இதனை ஆதரித்தனர்.

ஒரு கையால் நீக்கியதை மறுகையால் வரவேற்றமைக்குக் காரணம் யாது? அவ்வாறு வரவேற்ற பின் அந்நாடு எவ்வாறு மாறியது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காணின், நாடுகளுக்கு மேற்பட்ட சட்டமும் நிறுவனங்களும் ஓர் உறுப்பு நாட்டை எவ்வாறு உருவாக்குகின்றன என்பது தெளிவாகும்.

ஏட்டில் இருந்த இறைமை

1921 ஆம் ஆண்டின் உடன்படிக்கையின்படி அடுத்த ஆண்டு ஐரிஷ் சுயாதீன அரசு தோன்றிற்று. ஈமன் டி வலேராவின் தலைமையில் ஆக்கப்பட்ட 1937 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அயர்லாந்து இறைமையும் சுதந்திரமும் சனநாயகமும் உடைய நாடு எனத் தன் ஐந்தாம் உறுப்புரையிலே முழங்கியது. சட்டமாக்கும் அதிகாரம் முழுவதும் தன் பாராளுமன்றத்துக்கே உரியது எனப் பிறிதோர் உறுப்புரை விதித்தது. 1949 ஆம் ஆண்டு ஏப்பிரிலில் அந்நாடு முழுக் குடியரசாகிப் பொதுநலவாயத்தினின்றும் நீங்கியது. ஏட்டளவில் நோக்கின், இதற்கு மேல் வேண்டப்படும் சுதந்திரம் யாதும் இல்லை.

சந்தையிலோ நிலைமை வேறாயிருந்தது. அயர்லாந்து மாடும் வெண்ணெயும் விற்றுச் சீவித்த நாடு. அவற்றை வாங்குவோர் பெரும்பாலும் பிரித்தானியரே. 1960 ஆம் ஆண்டளவிலும் அதன் ஏற்றுமதியில் ஏறத்தாழ முக்காற் பங்கு பிரித்தானியாவுக்கே சென்றது. வாங்குவோன் ஒருவனாயின் விலை கூறுவோனும் அவனே. 1932 ஆம் ஆண்டில் டி வலேரா, பழைய நிலக் கடன்களுக்காக ஐரிஷ் கமக்காரர் பிரித்தானியாவுக்குச் செலுத்தி வந்த ஆண்டுப் பணத்தைக் கொடுக்க மறுத்தபோது, பிரித்தானியா ஐரிஷ் மாடுகளின் மேல் கடுந்தீர்வை விதித்தது. 1938 வரை நீடித்த இப்பொருளாதாரப் போரில், வாங்குவாரின்றிக் கன்றுகளைக் கொன்று தோலை மாத்திரம் விற்கும் நிலைக்குக் கமக்காரர் தள்ளப்பட்டனர். ஐரிஷ் பவுணும் பெயரளவிலேயே தனி நாணயமாகும். அது ஸ்டேர்லிங் பவுணுடன் ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருந்தமையால், வட்டி வீதத்தை உண்மையில் நிருணயித்தது இலண்டன் மாநகரமே.

இவ்வாறு கொடியாலே சுதந்திரம் பெற்றுச் சந்தையாலே கட்டுண்ட நாட்டில் இளைஞர்க்குத் தொழில் கிடைக்கவில்லை. 1950 களில் ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் பிறநாடு சென்றனர். 1961 ஆம் ஆண்டுக் குடிமதிப்பு 28 இலட்சத்தையே கண்டது. சுயாதீன அரசு தோன்றிய பின் கண்ட தொகைகளுள் இதுவே மிகக் குறைந்தது. இந்நிலையில், நிதி அமைச்சின் செயலாளராக விளங்கிய ரி. கே. விற்றேக்கர் 1958 ஆம் ஆண்டில் வெளியிட்ட பொருளாதார அபிவிருத்தி அறிக்கை, தீர்வை மதிலுக்குள் ஒடுங்கியிருத்தலைக் கைவிட்டு வெளியுலகை நாடுமாறு தூண்டிற்று. அடுத்த ஆண்டு பிரதம மந்திரியான சோன் லெமாஸ், 1961 இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இடங்கேட்டு விண்ணப்பித்தார். பிரித்தானியாவின் சேர்க்கையைப் பிரான்சின் டி கோல் 1963 இல் மறுத்தார். பிரித்தானியா சேராவிடத்து அயர்லாந்து தனித்துச் சேர்தல் இயலாதாயிற்று. பெரிய அயலானைச் சார்ந்திருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1969 இல் டி கோல் பதவி துறந்த பின்னரே கதவு திறந்தது. 1973 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் அயர்லாந்து, பிரித்தானியாவுடனும் டென்மார்க்குடனும் சமூகத்தின் உறுப்பு நாடாயிற்று.

புதுவகைச் சட்டம்

நாடுகள் தம்முள் செய்யும் உடன்படிக்கைகள் பொதுவாக அரசாங்கங்களையே கட்டுப்படுத்துவன. குடிமகன் ஒருவன் அவற்றைக் கையிலேந்தி நீதிமன்றம் ஏறுதல் இயலாது. 1957 ஆம் ஆண்டின் ரோமாபுரி உடன்படிக்கையோ இவ்வழமையைக் கடந்தது. சமூகத்தின் சட்டம் குடிமக்களுக்கு நேரே உரிமை வழங்கும் என ஒல்லாந்து வணிக நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் 1963 ஆம் ஆண்டிலும், அச்சட்டத்தோடு முரணும் உள்நாட்டுச் சட்டம் பின்னர் இயற்றப்பட்டதாயினும் அதற்கு வழிவிடவேண்டும் என இத்தாலிய மின்கட்டண வழக்கு ஒன்றில் 1964 ஆம் ஆண்டிலும் லக்சம்பேர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நேரடிப் பயன், முதன்மை என்னும் இவ்விரு கோட்பாடுகளே இச்சட்டத்தின் இரு தூண்களாம்.

இத்தகைய சட்டம் 1937 ஆம் ஆண்டின் அரசியலமைப்போடு ஒருங்கே நிற்றல் அரிது. ஆகவே, மூன்றாம் திருத்தம் மக்கள் முன் வைக்கப்பட்டது. உறுப்புரிமையின் கடப்பாடுகளால் அவசியமாக்கப்படும் எச்சட்டத்தையும் எச்செயலையும் அரசியலமைப்பின் எவ்விதியும் செல்லாததாக்காது என்பது அதன் சாரம். தன் கோட்டைச் சுவரில் அயர்லாந்து தானே ஒரு வாயில் அமைத்தது எனலாம். 'அவசியமாக்கப்படும்' என்னும் அச்சொல்லே அவ்வாயிலின் அகலத்தை வரையறுத்தது. அதன் பொருள் பின்னர் ஒரு பெருவழக்கிற்கு நிலைக்களனாயிற்று.

சம்பளமும் சமத்துவமும்

புதிய சட்டத்தின் வலிமையை முதலில் உணர்ந்தோருள் பெண்கள் முதன்மையானோர். அந்நாளில் அயர்லாந்தின் அரச சேவையில் மணஞ்செய்த பெண் பதவி விலகுதல் விதியாயிருந்தது. ஒரே தொழிலுக்கு ஆணுக்கு ஒரு சம்பளமும் பெண்ணுக்கு அதனிற் குறைந்த சம்பளமும் வழங்கப்பட்டன. இக்குறைகளைக் களையும் இயக்கம் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியானதன்று. பெண்களின் நிலைபற்றி ஆராய்ந்த ஐரிஷ் ஆணைக்குழுவே 1972 ஆம் ஆண்டில் தக்க பரிந்துரைகளைச் செய்திருந்தது. மணவிலக்கு விதியும் அடுத்த ஆண்டில் அரச சேவையினின்றும் அகற்றப்பட்டது. ஆயினும், சம சம்பளம் என வந்தபோது அரசாங்கம் தயங்கிற்று. சம்பளச் சமத்துவச் சட்டம் 1974 இல் நிறைவேறியதாயினும், அது நடைமுறைக்கு வரும் வேளையில் பொருளாதார மந்தத்தைக் காரணங்காட்டி அதனைப் பிற்போட அரசாங்கம் முயன்றது. சம சம்பளம் பற்றிய 1975 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரையினின்றும் தற்காலிக விலக்கு வேண்டிப் பிரசெல்ஸ் ஆணைக்குழுவை அது நாடிற்று.

சமூக விவகாரங்களுக்குப் பொறுப்பாயிருந்த ஆணையாளர் அயர்லாந்தின் பாட்ரிக் ஹிலரியே ஆவர். சேர்க்கை உடன்படிக்கையில் பிரதம மந்திரி ஜாக் லிஞ்சுடன் கையொப்பமிட்டவரும் அவரே. தாய்நாட்டின் வேண்டுகோளை அவர் ஏற்கவில்லை. 1976 இல் ஆணைக்குழு விலக்களிக்க மறுத்தது. சம சம்பளச் சட்டம் நிலைத்தது. நாடுகளுக்கு மேற்பட்ட நிறுவனம் என்பதன் பொருளை இந்நிகழ்ச்சி நன்கு விளக்கும். ஆணையாளர் தம் நாட்டின் தூதுவரல்லர். பொதுச் சட்டத்தின் காவலர். அவ்வாண்டின் இறுதியில் ஹிலரி அயர்லாந்தின் சனாதிபதியானார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

இதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள மனித உரிமை நீதிமன்றம். அது ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தைச் சார்ந்ததன்று. 1949 இல் நிறுவப்பட்ட ஐரோப்பியப் பேரவையின் வழிவந்தது. மணவாழ்க்கையில் துன்புற்ற ஐரிஷ் பெண்ணொருத்தி, நீதிமன்றத்தால் பிரிவு பெற விரும்பியும் வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமின்றி ஸ்ட்ராஸ்பூர்க்கில் முறையிட்டாள். நீதிமன்றக் கதவு திறந்திருப்பினும் ஏழை அதனுட் புக இயலாவிடின் உரிமை உரிமையாகாது என்னும் கருத்துப்பட 1979 ஆம் ஆண்டில் அவ்வழக்குத் தீர்க்கப்பட்டது. அதன் பயனாக, குடியியல் வழக்குகளுக்கான சட்ட உதவித் திட்டம் 1980 இல் அயர்லாந்தில் தொடங்கிற்று.

மீனும் சுதேசிப் பொருளும்

பெற்ற நன்மைகளை எண்ணுவோர் கொடுத்த விலையையும் எண்ணுதல் வேண்டும். கமக்காரர்க்குப் பொது விவசாயக் கொள்கை நல்ல விலையையும் பரந்த சந்தையையும் அளித்தது. கடற்றொழிலாளர்க்கோ கதை வேறு. புதிய நாடுகள் வாயிலில் நின்ற 1970 ஆம் ஆண்டிலேயே, உறுப்பு நாடுகளின் கடல் பொதுவாகும் என்னும் கொள்கையைப் பழைய அறுவரும் தம்முள் முடிவுசெய்து வைத்தனர். பின்வந்தோர் அதனை ஏற்றே உட்புகலாயினர். மீன்வளம் அருகுவதைக் கண்ட அயர்லாந்து 1977 ஆம் ஆண்டில், 33 மீற்றருக்கு மேல் நீளமுடைய பெருங்கலங்கள் தன் கடலில் மீன்பிடித்தலைத் தடுத்தது. விதி யாவர்க்கும் பொதுவானதே. ஆயின் அத்துணைப் பெரிய கலங்கள் ஐரிஷ்காரரிடம் இல்லாத குறையே. சொல்லளவில் சமமாயினும் பயனளவில் பிறநாட்டாரையே தாக்குவது பாகுபாடாகும் எனக் கூறி, லக்சம்பேர்க் நீதிமன்றம் 1978 இல் அயர்லாந்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

சுதேசிப் பொருள் வாங்குமாறு மக்களைத் தூண்டுதல் அரசாங்கத்தின் உரிமை என்றே எவரும் கருதுவர். 1978 இல் அயர்லாந்து அத்தகைய மூன்றாண்டு இயக்கம் ஒன்றைத் தொடங்கி, உள்நாட்டுப் பொருள்களுக்கு அடையாள முத்திரையும் வகுத்தது. ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. எவரையும் கட்டாயப்படுத்தவில்லை, விற்பனை கூடவுமில்லை, உள்நாட்டுப் பொருள்களின் பங்கு உண்மையிற் குறைந்தது என அயர்லாந்து வாதித்தது. அரசாங்கத்தின் ஊக்குவிப்பே பொதுச் சந்தைக்கு இடையூறு என்றும், முயற்சி பலிக்காமை குற்றத்தை நீக்காது என்றும் 1982 இல் நீதிமன்றம் கூறிற்று. ஒரு காலத்தில் நாட்டுப்பற்றெனப் போற்றப்பட்டது மறுகாலத்தில் சட்டமீறலாயிற்று. சட்டம் கட்டளைகளை மாத்திரமன்றி, அரசு எதனை எண்ணலாம் என்னும் எல்லையையும் மாற்றிவிடும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

கமக்காரனின் வழக்கு

1979 மார்ச்சில் அயர்லாந்து ஐரோப்பிய நாணய முறைமையிற் சேர்ந்தது. பிரித்தானியா அதன் மாற்று வீத ஏற்பாட்டில் சேரவில்லை. சில நாள்களுள் ஐரிஷ் பவுணும் ஸ்டேர்லிங் பவுணும் பிரிந்தன. ஒன்றரை நூற்றாண்டுப் பிணைப்பு, போரினாலன்றிப் புதிய கூட்டினால் அறுந்தது. இலண்டனை விட்டு நீங்க ஐரோப்பாவே ஊன்றுகோலாயிற்று.

கூட்டு நெருங்க நெருங்க, வாயிற் காவலன் எவன் என்னும் வினா எழுந்தது. 1986 இல் பன்னிரு நாடுகளும் தனி ஐரோப்பியச் சட்டம் எனப்பட்ட உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. 1987 சனவரியில் அது நடைமுறைக்கு வரவேண்டும். பாராளுமன்றத்தின் இசைவே போதும் என ஐரிஷ் அரசாங்கம் எண்ணியது. முன்னர் கில்கென்னிப் பகுதியில் கமஞ்செய்தவரும் பொருளியலறிஞருமான றேமண்ட் குறொட்டி என்பார் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1986 டிசம்பர் 24 ஆம் நாள், நத்தார் பண்டிகைக்கு முதல்நாள், மேல் நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கிற்று. 1987 ஏப்பிரிலில் உயர் நீதிமன்றம், மூவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையால், வெளிநாட்டுக் கொள்கையை வகுக்கும் சுதந்திரத்தை உடன்படிக்கையினால் கட்டுப்படுத்த அரசாங்கத்துக்கு அதிகாரமில்லை. அது மக்களிடமே கேட்கப்படவேண்டும் எனத் தீர்த்தது. மே மாதத்தில் மக்கள் வாக்களித்து இசைந்தனர். சூலை முதலாம் நாளே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஒரு குடிமகனின் வினாவுக்கு விடை கிடைக்கும் வரை பன்னிரு நாடுகளும் காத்து நின்றன.

இத்தீர்ப்பின் பின், ஐரோப்பிய உடன்படிக்கைகள் மக்களிடம் செல்லுதல் அயர்லாந்தில் மரபாயிற்று. மக்களும் எப்பொழுதும் தலையசைத்தாரல்லர். 2001 இல் நீஸ் உடன்படிக்கையை வாக்களித்தோருள் நூற்றுக்கு 54 பேர் மறுத்தனர்; 2008 இல் லிஸ்பன் உடன்படிக்கையை நூற்றுக்கு 53 பேர் மறுத்தனர். இரு முறையும் அடுத்த ஆண்டிலேயே அதே வினா மீண்டும் வைக்கப்பட்டு, இசைவு பெறப்பட்டது. வேண்டிய விடை வரும்வரை வினாவைத் திருப்பிக் கேட்டல் சனநாயகமாகுமா என வினவியோர் பலர். அவர் வினவியதில் நியாயமுண்டு. எனினும், முதல் மறுப்பு வீணானதன்று. இராணுவ நடுநிலைமை பற்றி நீஸ் உடன்படிக்கைக்குப் பின்னும், வரிவிதிப்பு, நடுநிலைமை, ஒவ்வொரு நாட்டிற்கும் ஓர் ஆணையாளர் என்பவை பற்றி லிஸ்பன் உடன்படிக்கைக்குப் பின்னும் உறுதிமொழிகள் பெறப்பட்டன. சிறிய நாட்டின் 'இல்லை' என்னும் சொல் பெரியோர் செவியில் விழுந்ததெனினும், அது இறுதிச் சொல்லாக நிற்கவில்லை.

கடனும் எல்லையும்

1999 இல் யூரோ நாணயத்திற் சேர்ந்ததும் வட்டி வீதத்தின் தீர்மானம் பிராங்க்பேர்ட் நகருக்குச் சென்றது. பெரிய நாடுகளின் நிலைமைக்கு ஏற்ற குறைந்த வட்டி, அயர்லாந்தின் கட்டட வணிகத்தைக் கட்டுமீறி வீங்கச்செய்தது. அதனைத் தடுத்திருக்கவேண்டிய உள்நாட்டு மேற்பார்வையும் தளர்ந்திருந்தது. 2008 செத்தெம்பரில் அரசாங்கம் வங்கிகளின் கடன்களுக்குப் பிணைநின்றது. 2010 நவம்பரில் அப்பிணையின் பாரம் தாங்காது, ஐரோப்பிய ஆணைக்குழுவிடமும் ஐரோப்பிய மத்திய வங்கியிடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் கையேந்தியது. 8,500 கோடி யூரோத் திட்டத்தில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தச் சேமிப்பினின்றே எடுக்கப்பட்டது. 2013 டிசம்பரில் அத்திட்டம் முடியும் வரை நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தைப் பிறர் கண்கள் முன்கூட்டியே நோக்கின. 1972 இல் வாக்களித்தோர் இதனை எண்ணிப் பார்த்திரார்.

2016 இல் ஆணைக்குழு, ஆப்பிள் நிறுவனத்துக்கு அயர்லாந்து அளித்த வரிச்சலுகை சட்டத்துக்கு முரணானது எனக் கூறி, 1,300 கோடி யூரோவை அறவிடுமாறு பணித்தது. வரவேண்டிய பணத்தை வேண்டாமென அயர்லாந்து வழக்காடியது விந்தையே. அந்நியக் கம்பனிகளைக் கவரும் தன் வரிக்கொள்கை சிதையும் என்பதே அதன் அச்சம். 2024 செத்தெம்பரில் நீதிமன்றம் ஆணைக்குழுவின் முடிவையே உறுதிப்படுத்தியது.

இதே காலத்தில் கூட்டின் மறுபக்கமும் வெளிப்பட்டது. 2016 இல் பிரித்தானியர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்க வாக்களித்தபோது, அயர்லாந்துத் தீவின் குறுக்கே மீண்டும் சுங்கச் சாவடிகள் எழுமோ என்னும் அச்சம் பிறந்தது. 1998 ஆம் ஆண்டின் பெரிய வெள்ளி உடன்படிக்கையால் வந்த அமைதிக்கு அது ஊறாகும். எல்லை திறந்திருத்தல் வேண்டும் என்னும் அயர்லாந்தின் நிலைப்பாட்டை ஏனைய 26 நாடுகளும் தம் நிலைப்பாடாகக் கொண்டன. 2020 இல் பிரித்தானியா வெளியேறியபோது, வட அயர்லாந்து பொருள்களைப் பொறுத்தவரை ஐரோப்பிய விதிகளோடு இணைந்திருக்க ஏற்பாடாயிற்று. 1930 களில் தனியே நின்று கன்றுகளைக் கொன்ற நாடு, இம்முறை தன் பெரிய அயலானோடு பேசுகையில் தனியே நிற்கவில்லை.

முடிவுரை

தொடக்கத்திற் கூறிய புதிருக்கு இனி விடை காணலாம். இலண்டன் மன்று அயர்லாந்தின் மேல் சுமத்தப்பட்டது. லக்சம்பேர்க் மன்றோ மக்கள் வாக்கினால் ஏற்கப்பட்டது. அதில் அயர்லாந்தின் நீதிபதியும் அமர்ந்தார். முதலில் அமர்ந்தவர் பின்னர் சனாதிபதியான கார்வால் ஓ டாலி என்பார். உள்ளே வரும் வாயில் போல வெளியே செல்லும் வாயிலும் உண்டு என்பதைப் பிரித்தானியா செய்து காட்டிற்று. இவையே இரு மன்றுகளுக்கும் இடையிலான வேற்றுமை.

எனினும், உரிமையில் சமமானோர் யாவரும் வலிமையிலும் சமமானோராகார். பெண்களுக்குச் சம சம்பளம் அளித்த அதே முறைமையே கடற்றொழிலாளரின் கடலைப் பொதுவாக்கிற்று. ஸ்டேர்லிங் பிணைப்பை அறுக்க உதவிய அதே கூட்டே பின்னர் வரவுசெலவுத் திட்டத்தின் மேற் கைவைத்தது. ஒன்றை வேண்டி மற்றொன்றை விலக்கும் உரிமை உறுப்பு நாட்டுக்கு இல்லை. அயர்லாந்தின் வரலாறு உணர்த்துவது, இறைமை என்பது பெட்டியிற் பூட்டிவைக்கும் பொருளன்று என்பதே. பூட்டிவைத்த காலத்தில் அந்நாட்டு இளைஞர் கப்பலேறினர். பகிர்ந்த காலத்தில் ஆதாயமும் நட்டமும் கலந்தே வந்தன. எதனை எவரோடு எவ்வளவு பகிர்வது என்பதைக் கேட்கும் இடம் மக்கள் மன்றமாக இருக்கும்வரை பகிர்ந்த இறைமையும் இறைமையே. அக்கேள்வியை 1986 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் நீதிமன்றம் ஏறிக் கேட்டவர் உடன்படிக்கையைத் தடுத்துவிட்டாரல்லர். ஆயின், மக்களைக் கேளாது அதனை நிறைவேற்ற முடியாதபடி செய்தார்.